நாலாம் நம்பரைக் கவனிக்கவும்

"ஒண்ணுமில்லையே" என்றார் மேனேஜர்.

மூன்று வாரத்தில் இது மூன்றாவது 'ஒண்ணுமில்லையே'. முதல் தடவை அதைக் கேள்வி மாதிரி கேட்டிருந்தார். இன்றைக்கு அவர் சொன்ன தினுசு, வேலை மாற்றல் கடிதத்தின் முதல் வரி மாதிரி இருந்தது பாம்புக்காதுக்கு.

பாம்புக்காது என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, ஆலையில் வைத்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் ஆலை. ஒவ்வொன்றும் ஓர் அறை அளவுக்கு ஏழு டிரையர்கள். ஒவ்வொரு டிரையரின் முதுகிலும் சூடான காற்றை இழுத்துத் தள்ள ஒரு பெரிய ஃபேன். அந்த ஃபேன்களின் பேரிங்குகள், நீராவிக் குழாய்கள், காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காதால் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. அதற்கென்று துப்பாக்கி வடிவத்தில் ஒரு கருவி இருந்தது. அதன் முனையிலிருக்கும் இரும்புக் குச்சியை ஓடுகிற இயந்திரத்தின் மேல் வைத்தால், மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் அது போடும் சத்தங்களையெல்லாம் கீழே இறக்கி ஹெட்ஃபோனில் கொட்டும். சத்தத்தின் அளவைச் சின்னத் திரையில் எண்ணாகவும் காட்டும்.

"பாருங்க சார்" என்று ஃபிட்டர், பிரித்துப் போட்ட நாலாம் நம்பர் பேரிங்கின் மேல் டார்ச் அடித்துக் காட்டினான். "கோலிக்குண்டு மாதிரி பளபளன்னு இருக்கு. கிரீஸுக்கும் குறைவில்ல. ரொம்பவே இருந்துச்சு, வழிச்சு எடுத்துட்டுத்தான் பார்த்தேன்."

"கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் சார். ஆனா திங்கக்கிழமை நாப்பத்தி நாலு காட்டிச்சு. இருபத்தாறு காட்ட வேண்டிய இடம் அது. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை காட்டிச்சு. இன்னிக்கு வியாழக்கிழமை. இன்னிக்கு என்ன இருக்கு?"

"இன்னிக்கு ஒண்ணுமில்ல."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ஃபேனை நிறுத்தி, பிரிச்சு, திரும்ப மாட்ட அரை நாள். அங்க ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸம்மா போன் பண்ணி, 'நோயாளிங்களை நியூஸ்பேப்பர்ல படுக்க வைக்கட்டுமா'ன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது? 'இங்க வேலை பார்க்கற ஒரு அம்மாவுக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டுச்சு'ன்னா?"

ஃபிட்டர் சிரிப்பை அடக்க இருமினான்.

"கடைசியாச் சொல்றேன். இன்னும் ஒரு தடவை நாலாம் நம்பர்னு நீங்க சொல்லி, பிரிச்சுப் பார்த்து ஒண்ணுமில்லைன்னா, அந்தத் துப்பாக்கி ஸ்டோர் அலமாரிக்குப் போகும். நீங்க பழையபடி எண்ணுற மேசைக்குப் போகலாம்."

எண்ணுற மேசை! பதினோரு வருஷம் அவள் நின்ற இடம். வண்டியில் வந்து இறங்கும் அழுக்கு விரிப்புகளைப் பிரித்து, எண்ணி, ரத்தம் தனி, மற்றது தனி என்று பிரித்துப் போடும் மேசை. இரண்டு கையுறை போட்டாலும் வீட்டுக்குப் போய் மூன்று தடவை கை கழுவாமல் சோற்றில் கை வைக்கத் தோன்றாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கருவி வந்தபோது, ஆலையில் ஒவ்வொருவர் காதிலும் மாட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் 'ஸ்ஸ்' என்று கேட்டது. அவள் ஒருத்திக்குத்தான் அந்த 'ஸ்ஸ்'ஸுக்குள்ளே சீறலும் முனகலும் பல்லைக் கடிப்பதும் தனித்தனியாகக் கேட்டன. அன்றோடு மேசையை விட்டு நகர்ந்தவள்.

மேனேஜர் போனதும் தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். கையில், இடுப்புக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்த கிரீஸ் கன்; இயந்திரங்களுக்கெல்லாம் கிரீஸ் ஏற்றுவது அவர் வேலை.

"மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. மேனேஜருக்குச் சின்ன வயசு. பேசத் தெரியலை."

"ஐயோ, நான் ஒண்ணும் நினைச்சுக்கலை சம்பந்தி."

"நாலாம் நம்பரை நான் பார்த்துக்கறேன். நீங்க கவலையே படாதீங்க."

"உங்களுக்கு எதுக்கு சம்பந்தி சிரமம்."

"சிரமமா? உங்களுக்குச் செய்யாம?"

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஃபிட்டர் மூடியை மாட்டினான். அவனுக்கு இது தாங்க முடியாத வேடிக்கை. ஏனென்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் வரை இந்த இருவரும் பேசிக்கொண்ட அழகே வேறு. இவள் "யோவ் கிரீஸு, கண்ணு எங்கய்யா இருக்கு, அஞ்சாம் நம்பர் காய்ஞ்சு கத்துது" என்பாள். அவர் "வந்துட்டாங்கய்யா, சுவத்துக்கும் காது உண்டுன்னு சொல்வாங்க, அந்தக் காது இதுதான்" என்பார். ஏழு டிரையரும் ஓடினாலும் இவர்கள் சண்டை இஸ்திரி மேசை வரை கேட்கும். அப்படிப் போய்க்கொண்டிருந்ததில், அவர் மகனும் இவள் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்து, பேசி, முடிவும் செய்துவிட்டு வந்து தகவல் சொன்னார்கள். கல்யாணம் நடந்தது. மறுநாளிலிருந்து யோவ் போய் சம்பந்தி வந்தது. நாக்கில் பூட்டு.

கல்யாணமும் லேசில் முடியவில்லை. அவருடைய அக்காவுக்குக் காபி ஆறிப்போய் வந்துவிட்டது. ஒரே ஒரு டம்ளர். நானூறு பேர் வந்த இடத்தில் ஒரு டம்ளர் காபி ஆறாதா? ஆறியது அக்காவின் டம்ளராகப் போய்விட்டது. "பொண்ணு வீட்டுல எங்களைச் சரியா கவனிக்கலை" என்று அந்த அம்மாள் மண்டபத்திலேயே ஆரம்பித்து இன்றைக்கு வரைக்கும் நிறுத்தவில்லை. எட்டு மாதமாக அந்தக் 'கவனிக்கலை' வீடு வீடாகப் போய்வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு பாம்புக்காது, சம்பந்தியிடம் ஒரு சொல் பேசுமுன் ஒன்பது தடவை யோசிப்பாள். வேலை விஷயத்தைப் பேச்சில் வைத்துக்கொள்வதே ஆபத்து என்று சீட்டோடு நிறுத்திக்கொண்டாள். எந்த இயந்திரத்தில் சத்தம் சரியில்லையோ அதன் மேல் சிவப்பு அட்டை ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாள். முன்பெல்லாம் அந்த அட்டையில் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதுவது வழக்கம். நான் கேட்டு முடிக்கும் வரை யாரும் கை வைக்காதே என்று அர்த்தம். ஆனால் அட்டையை முதலில் படிப்பவர் யார்? காலையில் கிரீஸ் கன்னோடு சுற்றி வரும் சம்பந்தி. சம்பந்தியைப் பார்த்து 'தொடாதே' என்று எழுத முடியுமா? அக்கா காதுக்குப் போனால் காபி மறுபடி கொதிக்கும். அதனால் அதை மாற்றி, மரியாதையாக, 'கவனிக்கவும்' என்று எழுதத் தொடங்கினாள். அப்படி மாற்றி எழுதிய முதல் அட்டை, ஒரு மாதத்துக்கு முன்னால் லேசாக முனகிய நாலாம் நம்பருக்கு.

நாலாம் நம்பர் ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கியதும் குச்சியை வைத்துக் கேட்டாள். இருபத்தேழு. சாதுவாக, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி. அவளுக்கு அழுகையே வந்தது. திங்கட்கிழமை இதுதானே பல்லை நறநறவென்று கடித்தது?

"நடிக்குது தம்பி" என்றாள் ஃபிட்டரிடம்.

"எது?"

"இந்த ஃபேன். ஆள் வந்தா நல்ல பிள்ளை வேஷம் போடுது."

"அக்கா, ஃபேன் நடிக்காதுக்கா. பேசாம சீட்டைக் கழட்டிருங்க."

"கழட்ட மாட்டேன். இது என்ன பண்ணுதுன்னு பார்த்தே ஆகணும்."

சிவப்பு அட்டை தொங்கியபடியே இருந்தது. 'நாலாம் நம்பரைக் கவனிக்கவும்.'

வீட்டுக்குப் போனால் அங்கே ஓர் ஆறுதல் உண்டா என்றால், இல்லை.

"குக்கர் எத்தனை விசில்?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நீங்கதானே பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. எண்ண மாட்டீங்களா?"

"யாருக்கும் கேட்காததெல்லாம் கேட்கிற காது நீ. எனக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். பருப்பு கூழாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் புகுந்த வீடு. வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள்.

"என்னம்மா மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னாள். மூன்று வாரக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள். எண்ணுற மேசை வரைக்கும் வந்ததும் கரண்டியை டொக்கென்று வைத்தாள்.

"எனக்கென்னமோ ஆள் யாரோ அதுல கை வைக்கிறாங்கன்னு தோணுதுடி. உங்க மாமனாரைக் கேட்டா தெரியும். காலைல முதல்ல சுத்தி வர்றவர் அவர்தான்."

"அம்மா!" மகள் பையைக் கீழே வைத்தாள். "நீ அவரை ஒண்ணும் கேட்காதே. நீ கேக்கறது கேக்கற மாதிரி இருக்காது, குற்றம் சாட்டற மாதிரி இருக்கும்."

"நான் எப்படிக் கேட்டாலும் அப்படித்தான் இருக்குமா?"

"ஆமா" என்றார் கணவர் பேப்பருக்குள்ளிருந்து.

"உங்களை யாரும் கேட்கலை."

"மாமாவோட அக்கா இப்பத்தாம்மா கொஞ்சம் அடங்கியிருக்காங்க. நீ மாமாவை ஏதாவது சொல்லி, அது அவங்களுக்குப் போய், எனக்கு அந்தக் காபியை மறுபடி குடிக்கத் தெம்பில்லை. அதோட மாமா உன் மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்கார் தெரியுமா? 'உங்கம்மா சீட்டு கட்டிட்டா போதும், அதைக் கவனிச்சுட்டுத்தான் நான் டீயே குடிப்பேன்'னு நேத்துகூடச் சொன்னார்."

"அது அவர் பெருந்தன்மை" என்றாள் அம்மா, எரிச்சலோடு. பெருந்தன்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபேன் அல்லவா வாயைத் திறக்க வேண்டும்?

திங்கட்கிழமை வந்தது. அவள் யாரிடமும் பேசாமல் நேரே டிரையர்களுக்குப் பின்னால் போனாள். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. துணிப் பஞ்சு பறந்து, முடி நரைத்தது போல ஆகிவிடும். வெக்கை. நாலாம் நம்பருக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டி, குச்சியைப் பேரிங்கைச் சுற்றிய இரும்புக் கூட்டில் வைத்தாள்.

நாற்பத்து நாலு.

"அடப் பாவி!" என்றாள் ஃபேனைப் பார்த்து. "வியாழக்கிழமை எங்க போச்சு இந்த வாய்?"

நாற்பத்து நாலு. மாறவில்லை. உள்ளே மாவு பிசைவது போல ஒரு சதசதப்பு, அதன் மேல் நறநற. மூன்று திங்கட்கிழமையும் கேட்ட அதே சத்தம். இப்போது என்ன செய்வது? சொன்னால் பிரிப்பார்கள். வியாழக்கிழமை அது பல்லைக் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாய் நிற்கும். அவள் கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போவாள். சொல்லாமல் விட்டாலோ, ஒரு நாள் அது நிஜமாகவே நொறுங்கும். அன்றைக்கும், 'காதை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணினீங்க' என்று அவளைத்தான் கேட்பார்கள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அப்போது எண் நகர்ந்தது.

நாற்பத்தைந்து. நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். நாற்பத்தாறு. நின்றது. மறுபடி ஒரு மூச்சு. நாற்பத்தெட்டு.

அவளுக்கு உடம்பெல்லாம் காதானது. தானாக ஏறும் சத்தம் இப்படிப் படிப்படியாக ஏறாது. இது யாரோ படி வைத்து ஏற்றுகிற சத்தம். அளந்து, நிதானமாக, பாசத்தோடு. ஒவ்வொரு படிக்கும் முன்னால் 'க்ளிக்' என்று ஒரு சின்ன உலோகச் சத்தம்கூடக் கேட்டது. அந்த க்ளிக்கை அவள் பத்து வருஷமாக அறிவாள்.

இந்தப் பேரிங்குக்குக் கிரீஸ் ஏற்றும் மூக்கு பின்பக்கம் இல்லை. சந்துக்குள் நுழையாமல் ஏற்றுவதற்காக மெல்லிய குழாய் ஒன்று போட்டு முன்பக்கம் நடைபாதைக்கு நீட்டி வைத்திருந்தார்கள். அவள் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தவழாத குறையாக வெளியே வந்தாள்.

சம்பந்தி நின்றிருந்தார். கிரீஸ் கன் குழாயின் மூக்கில் மாட்டியிருந்தது. முகத்தில், விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி வைக்கப் போகிறவரின் சிரிப்பு.

"உங்க செருப்பு தெரிஞ்சுது சம்பந்தியம்மா. கேட்டுக்கிட்டு இருக்கீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சத்தமில்லாம..."

"யோவ்!"

இஸ்திரி மேசையில் நின்ற ஆறு பெண்களும் திரும்பினார்கள். ஃபிட்டர் கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த யோவ்.

"நிறுத்துய்யா! கையை எடுய்யா அதுல இருந்து!"

"என்னையா சொல்றீங்க?"

"வேற யாரு இங்க கிரீஸும் கையுமா நிக்கறது? எத்தனை அமுக்கு போட்ட?"

"அஞ்சுதான்."

"அஞ்சு'தானா'? சனிக்கிழமை?"

"அன்னிக்கு... ஒரு எட்டு இருக்கும்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை சும்மா நாலு. புதுசா பிரிச்சு மாட்டியிருக்காங்களேன்னு."

"வருஷத்துக்கு நாலு அமுக்கு போடற இடம்யா அது! வயித்துல இடமில்லாம அது மூச்சு முட்டிக் கத்துது. நீ வாயில இன்னும் இன்னும் திணிக்கற! யாருய்யா உன்னைப் போடச் சொன்னா?"

"நீங்கதான்."

"நானா!"

அவர் முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் விரலை நீட்டி, குழாய்க்குப் பக்கத்தில் தொங்கிய சிவப்பு அட்டையைக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு? நீங்களே படிங்க."

"நாலாம் நம்பரைக் கவனிக்கவும்."

"கவனிச்சேன்."

"யோவ், கவனிக்கவும்னா... கண்ணு வச்சுப் பார்த்துக்கோன்னு அர்த்தம்யா! கிட்ட வராதேன்னு அர்த்தம்!"

"எந்த ஊர்ல அப்படி அர்த்தம்? கவனிக்கறதுன்னா கவனிக்கறது. வந்தவங்களைக் கவனின்னா தூரமா நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்களா?" அவர் கிரீஸ் கன்னைக் கழற்றி அணைத்துக்கொண்டார். "எங்கக்கா அன்னிக்கு மண்டபத்துல கவனிக்கலை, கவனிக்கலைன்னு கத்தினதுல எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை. நீங்க இத்தனை வருஷத்துல என்னை மரியாதையா ஒண்ணு கேட்டதில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் மொத மொதலா 'கவனிக்கவும்'னு எழுதினீங்க. சரி, இதையாவது குறையில்லாமச் செய்வோம்னு... பழைய மாதிரி 'தொடாதே'ன்னு எழுதியிருந்தா நான் ஏன் தொடப் போறேன்?"

பாம்புக்காது அட்டைக்கு அருகில் போனாள். அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். நல்ல குண்டு குண்டான எழுத்து. மூன்று வாரமாக யாரோ செய்வினை வைத்தது போலத் தேடிக்கொண்டிருந்தாளே, அந்த யாரோ இவள்தான். சீட்டு தொங்க, அவர் வெள்ளியும் சனியும் திணிக்க, திங்கட்கிழமை அது கத்த, வியாழக்கிழமை ஃபிட்டர் 'ரொம்பவே இருந்துச்சு' என்று வழித்து எடுக்க, அது மறுபடி நல்ல பிள்ளையாக. அதிலும் பாருங்கள், சீட்டைக் கழட்டச் சொன்னவனிடம் 'கழட்ட மாட்டேன்' என்று வேறு சொன்னாள்.

"தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு" என்றாள்.

"என் தலையிலயா, உங்க தலையிலயா?"

"ரெண்டுலயும்தான்யா!"

யார் போய்ச் சொன்னார்களோ, மேனேஜர் வந்துவிட்டார். "என்ன இங்க சத்தம்? இந்தச் சத்தத்துக்குக் கருவியே வேண்டாம் போல இருக்கே!"

"சார், ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் அவள். "பிரிக்க வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம்."

ஃபிட்டரை அழைத்து, பேரிங்கின் அடியிலிருந்த திருகைக் கழற்றச் சொன்னாள். கழற்றியதும் பிதுக்கிய பற்பசை மாதிரி கிரீஸ் வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது. ஃபிட்டர் ஒரு பழைய டப்பாவைப் பிடித்தான். அது நிறைந்து இன்னொன்றைத் தேடினான். அவள் குச்சியை மறுபடி பேரிங்கில் வைத்து, ஹெட்ஃபோனை மேனேஜர் காதில் மாட்டினாள். திரையின் எண்களை எல்லோரும் சந்து வாயிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தொன்பது. நாற்பத்து மூன்று. பத்து நிமிஷம் இருபதாகி, முப்பத்து மூன்றில் வந்து தயங்கி, கடைசியில் முப்பதில் நின்றது.

"இருபத்தாறுன்னீங்க?" என்றார் மேனேஜர்.

"இத்தனை நாள் அஜீரணம் சார். உள்ள சீல் பிதுங்கியிருக்கும். அடுத்த மாசம் நிறுத்தறப்ப மாத்திடலாம். அதுவரைக்கும் தாங்கும்."

மேனேஜர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். அவர் முகத்தில் முதல் தடவையாக 'ஒண்ணுமில்லையே' இல்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி. ரிப்போர்ட்ல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் எதையாவது எழுதணும். அளவுக்கு மேல கிரீஸ் போட்டது யாரு?"

இஸ்திரி மேசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. சம்பந்திக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான். கையிலிருந்து கிரீஸ் கன்னைப் பிடுங்கினால் அவருக்கு வேறு வேலை தெரியாது. அது மட்டுமா? இன்று மாலையே அக்கா தெரு முழுக்க, 'பொண்ணு வீட்டுக்காரி எங்க தம்பியை மாட்டி விட்டா' என்பாள். மகள் அந்த வீட்டில்தான் சோறு தின்ன வேண்டும். பாம்புக்காதுக்கு எண்ணுற மேசையின் வாடை மூக்கில் ஏறியது. இருந்தாலும் வாயைத் திறந்தாள்.

"சீட்டு எழுதினது நான் சார். என் பேரை..."

"போட்டது நான்" என்றார் சம்பந்தி முந்திக்கொண்டு. "அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க நோட்டை எடுத்துப் பாருங்க. நான் போட்ட ஒவ்வொரு தடவையும் அதுல ஏறியிருக்கும். போட்டவன் எனக்கே எத்தனைன்னு மறந்து போச்சு. அவங்க காது மறக்கலை. மூணு வாரமும் அவங்க சொன்னது சரி சார். அந்தம்மாவை மேசைக்கு அனுப்பினீங்கன்னா நான் எந்த ஃபேன் வயித்துல எத்தனை அமுக்கு போட்டுட்டேன்னு சொல்லக்கூட ஆள் இருக்காது."

"நீங்க சும்மா இருங்க சம்பந்தி. சார், 'தொடாதே'ன்னு எழுதற இடத்துல 'கவனிக்கவும்'னு எழுதிட்டேன். 'காரணம்: சீட்டில் எழுதிய சொல்'னு போடுங்க."

"சொல் எப்படிம்மா பேரிங்கைக் கெடுக்கும்?"

"இந்தச் சொல் ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்துச்சு சார். பேரிங் எம்மாத்திரம்!"

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஆலையா, இல்ல உங்க ரெண்டு வீட்டு வரவேற்பறையா?" பேனாவை மூடிப் பையில் செருகினார். "கேட்டுக்கோங்க. இனிமே அந்தம்மா காதுல மாட்டிக்கிட்டு நிக்காம நீங்க ஒரு அமுக்குகூடப் போடக்கூடாது. அவங்க போதும்னா போதும். அம்மா, நீங்க மேசைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு திங்கக்கிழமையும் ரெண்டு பேரும் சேர்ந்து ஏழு ஃபேனையும் சுத்தி வரணும்."

"சேர்ந்தா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"சேர்ந்துதான். இதைத் தண்டனைன்னே வச்சுக்கோங்க."

அது தண்டனைதான் என்பது அடுத்த திங்கட்கிழமையே தெரிந்தது. முதல் மூன்று ஃபேனுக்கும் கிரீஸ் தேவைப்படவில்லை. தேவைப்படவில்லை என்று சொல்லி அவரை நம்ப வைக்கவே அரை மணி போனது. நாலாம் நம்பர் பக்கம் அவரைத் திரும்பவே விடவில்லை. ஐந்தாம் நம்பர் நிஜமாகவே காய்ந்திருந்தது. இந்தத் தடவை அவர் கண் முன்னாலேயே குச்சியை வைத்து, ஹெட்ஃபோனின் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டாள்.

"போடுங்க சம்பந்தி. ஒண்ணு."

க்ளிக். எண் இறங்கியது.

"இன்னொண்ணு."

க்ளிக். இன்னும் இறங்கியது. சத்தம் தணிந்து, வழவழவென்று ஓட ஆரம்பித்தது.

"போதும்."

"ஒண்ணே ஒண்ணு?"

"போதும்னு சொன்னேன்ல."

"ஒரு தடவை போதும்னா விட்டுறதா? ஒரு மரியாதைக்காவது..."

காபி வேண்டாம் என்று டம்ளரை மூடுவது போல, கிரீஸ் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடிக்கொண்டாள். அவர் கன்னைத் தாழ்த்தினார். சும்மா நிற்பது அவருக்கு வராது.

"எங்கக்காகிட்ட எல்லாம் சொன்னேன்" என்றார். "அளவுக்கு மேல கவனிச்சா பேரிங்குக்கே ஆகாது, மனுஷங்களுக்கு எப்படி ஆகும், இனிமே அந்தப் பேச்சை விட்டுருன்னு எடுத்துச் சொன்னேன்."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "என்ன சொன்னாங்க?"

"எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டாங்க."

"கேட்டுக்கிட்டு?"

"'அதெல்லாம் சரி, காபி ஆறினது ஆறினதுதானே'ன்னு சொல்லிட்டாங்க."

பாம்புக்காது அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனின் இரண்டு பக்கத்தையும் காதில் இறுக்கமாகப் பொருத்திக்கொண்டு ஆறாம் நம்பரைப் பார்க்க நடந்தாள்.